இருபத்து நான்கு மில்லிமீட்டர்

என் கணவர் ரிபாயி டிரைபாடைத் தொடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குத் தைரியம் இருக்குமோ இருக்காதோ. தொட்டார் என்று கணினியில் எழுதி வைத்தவள் நான்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான், அவர் செத்ததற்கு அவருடைய கவனக்குறைவே காரணம் என்று நிறுவனம் அறிக்கை தயாரித்திருந்தது. நான் ‘சரி’ என்று ஒரு பதில் போட்டால் போதும், அது முடிந்த கணக்காகிவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் போடச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அவருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா.

நாங்கள் பார்த்த வேலை என்னவென்று சொன்னால் சங்கரன்கோவிலில் பாதிப் பேர் சிரிப்பார்கள். இமயமலை வருஷத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது. என் கொழுந்தன் ஆஷிக் அலி விசைத்தறி போட்டிருக்கிறான். அவன் கேட்பான்: “மதினி, அந்த மலை எங்கதான் போவுதாம்? பஸ் ஏறி ராசபாளையம் போவுதோ?” நானும் விடமாட்டேன். “உன் தறி ஓடுதப்போ இந்த வீட்டுச் செவுரு ஆடுத ஆட்டத்துக்கு அந்த மலை எவ்வளவோ தேவல” என்பேன்.

விஷயம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. நாம் நிற்கும் இந்தத் தரை மொத்தமும் வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போல வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. அங்கே போய் முட்டுகிற இடத்தில் மலை நசுங்குகிறது. எவ்வளவு நசுங்குகிறது என்று தெரிந்தால்தான் பூகம்பத்துக்கு அங்கே எவ்வளவு இறுக்கம் சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட முடியும். அதற்காக மலையில் அங்கங்கே பாறையில் எஃகு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். வருஷம் தவறாமல் அந்த ஆணிக்கு நேர் மேலே டிரைபாடை நிறுத்தி, அதன் தலையில் ஆன்டெனாவைப் பொருத்தி, மூன்று நாள் முழுக்க சாட்டிலைட் சிக்னலைப் பதிவு செய்ய வேண்டும். போன வருஷம் ஆணி எங்கே இருந்தது, இந்த வருஷம் எங்கே இருக்கிறது, அதுதான் கணக்கு.

ஒப்பிட்டுப் பார்க்க நசுங்காத ஓர் இடமும் வேண்டுமல்லவா? அப்படி அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. ராஜபாளையம் சாலையில் ஒரு பாறைத் திட்டின் மேல் சிமென்ட் தூண் கட்டி ஒரு கருவியை வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ரிபாயியை முதலில் வேலைக்கு எடுத்தார்கள். ஆள் தெம்பானவர், மலையேறச் சுணங்கமாட்டார் என்று கண்டுகொண்டு இரண்டே வருஷத்தில் வடக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள். திட்டத் தலைவி டாக்டர் சண்முகசுந்தரி பாளையங்கோட்டைக்காரர். அவர்தான் எனக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். ரிபாயி அங்கே மலையில் பதிவு செய்து அனுப்புவார், நான் இங்கே அடுப்படிக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து அது எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வேன். ஏழு வருஷக் குடும்ப வாழ்க்கையில் பாதி இப்படித்தான் போனது. பிள்ளையும் இல்லை.

எனக்கு வாய் நீளம். அவருக்குக் கையும் காலும் நீளம், எதிலாவது இடித்துக்கொண்டே இருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மலையில் விடியக்காலைத் தொழுகைக்கு எழுந்து போகும்போது டிரைபாடை உதைத்துவிட்டு, தெரியாத மாதிரி நகர்த்தி வைத்துவிட்டார். கேட்டதற்கு அல்லாஹ் மேல் ஆணையாகத் தொடவில்லை என்றார். கோப்பைப் பிரித்துப் பார்த்தேன், அதிகாலை நாலே முக்காலுக்கு ஒன்பது மில்லிமீட்டர் ஒரே தாவு. ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் ‘ஒன்பது’. ஏதாவது தம்ளர் உருண்டால் நான் உள்ளேயிருந்து “என்ன, ஒம்பதா?” என்று குரல் கொடுப்பேன். சிரிப்பார்.

இந்த ஜூன் மாதம் உத்தரகாண்டில் அவர் போன இடத்தில் பழைய ஆணி இல்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புல்டோசர்காரர்கள் அந்தப் பாறையையே வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் கொஞ்சம் மேலே வேறொரு பாறையில் புது ஆணி அடித்தார். படம் எடுத்து அனுப்பினார். டாக்டர் மேடம் படத்தைப் பார்த்துவிட்டு நல்ல பாறைதான் என்று ஒப்புதல் கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அது மலையோடு ஒட்டிய பாறை இல்லை, மண்ணுக்குள் புதைந்து கிடந்த பெரிய கல் என்று படத்தில் யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை பதிவைத் தொடங்கினார். முப்பது அடி தள்ளி ஒரு முகட்டில் டென்ட் போட்டுக்கொண்டார், அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. சுமை தூக்க ஒரு மலைக்காரர் உடன் இருந்தார். செவ்வாய்க்கிழமை வந்த முதல் கோப்பில் ஒரு குறையும் இல்லை. புதன்கிழமை மதியம் இரண்டாவது கோப்பு வந்தது. ஓட்டிப் பார்த்தால் ஆன்டெனா இருபத்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, தென்மேற்கே, கொஞ்சம் கீழே.

எனக்கு வந்ததே கோபம். மலை போகிற வேகத்துக்கு அது ஒரு வருஷக் கணக்கு. ஒரே நாளில் எந்த மலையும் இருபத்து நான்கு மில்லிமீட்டர் போகாது. படித்த எவரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உதைத்திருந்தால் ஒரே தாவாக இருக்கும், தரை நழுவியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். கோப்பை மணி வாரியாகப் பிரித்தால் பத்தே நிமிஷத்தில் எது என்று தெரிந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரித்தேன், இந்தத் தடவை பிரிக்கவில்லை. என் புருஷனை எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

போனைப் போட்டேன்.

“ஏங்க, டிரைபாட்ல காலக் குடுத்தீங்களா?”

“இல்லட்டி. நான் அந்தப் பக்கமே போகல. டென்ட்லதான் கெடந்தேன்.”

“இருபத்துநாலு மில்லிமீட்டர் தள்ளி நிக்கு. பொறவு யாரு தள்ளுனா, ஜின்னா?”

“நான் தொடல ஹஸ்னா. இரு, போய்ப் பாத்துட்டு வாரேன்.”

டிரைபாடின் தலைக்குக் கீழே கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் பார்த்தால் கீழே ஆணியின் நடுப்புள்ளி தெரியும். டிரைபாட் அசைந்திருந்தால் புள்ளி விலகியிருக்கும். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“புள்ள, புள்ளி நடுவுலதான் இருக்கு. ஒரு மயிரிழ விலகல. மட்டக்குமிழும் நடுவுல நிக்கு. ஒண்ணுமே கலையலயே.”

இதைவிட ஒரு மனிதன் என்னத்தைச் சொல்ல முடியும்? டிரைபாட் ஆணிக்கு மேலேயே நிற்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது என்றால் ஆணியே நகர்ந்திருக்கிறது, தரையே நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் மண்டையில் அது ஏறவில்லை.

“இப்பம் எடுத்துச் சரியா வச்சிட்டு வந்து சொல்லுதீங்க. எனக்குத் தெரியாதாக்கும்.”

“சத்தியமாத் தொடலட்டி.”

“மூணு வருஷத்துக்கு முந்தியும் இதே சத்தியந்தான். பேசாம முதல்ல இருந்து ஆரம்பிங்க. இன்னும் மூணு நாளு கெடங்க அங்கன. அப்பத்தான் புத்தி வரும்.”

“மழ வார மாதிரி இருக்கு புள்ள.”

“நனையுங்க.”

 “சரி” என்றார். நான் போனை வைத்துவிட்டு, பதிவேட்டில் அந்த நாளுக்கு நேராக ‘டிரைபாட் அசைக்கப்பட்டது, கையாண்டவர் பிழை’ என்று தட்டினேன். அந்தக் கோப்பைக் கணக்கிலிருந்து தள்ளினேன். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு ‘நனையுங்க’ என்பதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் புதுக் கோப்பை அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: “இன்னிக்கு அந்தப் பக்கமே போகல, பாத்துக்கோ.” பார்க்கவில்லை. கிடக்கட்டும், காலையில் பார்ப்போம், ஒரு நாள் தவிக்கட்டும் என்று மூடிவைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஓட்டினேன். அறுபத்தொரு மில்லிமீட்டர். அதே தென்மேற்கு, அதே கீழ்ப்பக்கம். காலால் உதைத்தால் இரண்டு தடவையும் ஒரே திசைக்கா போகும்? அப்போதுதான் மணி வாரியாகப் பிரித்தேன். தாவு ஒன்றுமே இல்லை. மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் கூடிக்கொண்டே போயிருந்தது. புதன்கிழமைக் கோப்பையும் பிரித்தேன். அதிலும் அப்படியே.

போனைப் போட்டேன். அணைந்து கிடந்தது. எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை. பதினொரு மணிக்கு டாக்டர் மேடம் கூப்பிட்டு, அழுதுகொண்டே சொன்னார். விடியக்காலையில் அந்தச் சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது. பேட்டரி வாங்க முந்தின நாள் கீழே போயிருந்த மலைக்காரர் காலையில் ஏறி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். டென்ட் மட்டும் முகட்டில் போட்டது போட்டபடி நிற்கிறது, உள்ளே போர்வைகூடக் கலையாமல்.

இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். டிரைபாடுக்குப் பக்கத்தில்தான் கிடந்தாராம். கொண்டுவர முடியாத நிலைமை. ஆஷிக் அலி விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தான். அங்கேயே ஒரு சின்ன ஊரில் இருபது பேர் நின்று தொழுது அடக்கினார்கள். நான் போனில் பார்த்தேன். பாதியில் படம் நின்றுபோனது.

எனக்கு இத்தா தொடங்கியது. நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. அன்றைக்கு ராத்திரிக்குள் வீடு நிறைய ஆள். மாமி மிஸ்ரியா, ரிபாயியின் உம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “வியாழக்கிழமையோட வேல முடியும், சனிக்கிழம வந்துருவேன்னானே. பொறவு எதுக்குட்டி அங்கன கெடந்தான்?”

அந்த நேரத்தில் எனக்கு உண்மை தெரியும். அறுபத்தொன்று தெரியும், மணி வாரிக் கணக்கு தெரியும். தெரிந்துகொண்டே, “டிரைபாட்ல கால் பட்டுட்டு போல மாமி, முதல்ல இருந்து அளக்க வேண்டியதாப் போச்சு” என்றேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. 

மாமி அதை அப்படியே நம்பினார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். “அவன் கையும் காலும் சும்மா கெடக்காதுல்லா. சின்னப் புள்ளையிலயே எத்தன குடத்த ஒடச்சிருக்கான். அங்க போயும் காலக் குடுத்து மவுத்த விலைக்கி வாங்கிட்டான். இந்தப் புள்ள படிச்சிப் படிச்சிச் சொல்லிருக்கா, கேட்டானா? இவள இப்படி வெள்ளச் சேலயில உக்கார வச்சிட்டானே பாவி.” சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவுவார். கஞ்சியை ஆற்றி வாயில் ஊட்டாத குறையாகக் கொடுப்பார். நான் குடித்தேன்.

மூன்றாவது வாரம் டாக்டர் மேடம் கூப்பிட்டார். இடிபாட்டில், சிக்னலைப் பதிவு செய்யும் ரிசீவர் பெட்டி கிடைத்துவிட்டதாம், உள்ளே இருந்த கார்டு கெடவில்லையாம். “நீ பாக்க வேண்டாம்மா, வேற ஆள வச்சிப் பாத்துக்கிடுதோம்” என்றார். நானே பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

முப்பது நொடிக்கு ஒரு பதிவு. வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷத்தோடு நின்றிருந்தது. நாலரை மணிக்கே தரை நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போல நழுவிக்கொண்டிருந்தது, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்கு வேறொன்று நடந்திருக்கிறது. மேற்குப் பக்கம் தாழ்ந்து நின்ற சாட்டிலைட்டுகளின் சிக்னல் எல்லாம் ஒன்றாக மங்குகிறது. வானம் மறையவில்லை, ஏதோ ஓர் உருவம் ஆன்டெனாவை ஒட்டி வந்து நிற்கிறது. சிக்னலை மறைக்கும் மனித உடம்பை நான் எத்தனையோ கோப்பில் பார்த்திருக்கிறேன், இவருடைய உடம்பையே பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு பதிவுகள், பதினொரு நிமிஷம். கடைசிப் பதிவு வரைக்கும் அந்த உருவம் விலகவில்லை.

டென்ட் நின்ற முகடு அசையவே இல்லை. அங்கேயே படுத்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து எதையாவது தட்டிவிட்டுக்கொண்டிருப்பார். தொழ எழுந்தவன் போகிற வழியில் மாட்டிக்கொண்டான் என்று மாமி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். தொழுகைக்குப் போகிறவன் கருவிக்குப் பக்கத்தில் பதினொரு நிமிஷம் நிற்கமாட்டான். குனிந்து கண்ணாடியில் கண் வைத்து, புள்ளி நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கலைந்திருந்தால் இவள் ஏசுவாளே என்று நின்றிருக்கிறார். இதைப் படித்துப் பார்த்தவள் இந்த உலகத்தில் அன்றைக்கு நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அறிக்கை வந்தது. ‘கருவியைக் கையாண்டவரின் கவனக்குறைவால் அளவீடு கெட்டு, அவர் கூடுதல் நாட்கள் அவ்விடத்தில் தங்க நேர்ந்தது. கணக்கீட்டாளரின் குறிப்பு இதை உறுதி செய்கிறது.’ நாற்பதாம் நாள் காலையில், வீட்டில் நெய்ச்சோறு கிண்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே மேடத்துக்குப் போன் செய்தேன்.

“மேடம், நான் எழுதுன குறிப்பு தப்பு. அவங்க தொடல. தரதான் போயிருக்கு. கோப்பப் பிரிச்சாத் தெரியும்.”

 மேடம் மெதுவாகச் சொன்னார். “தெரியும் ஹஸ்னா. நானும் பிரிச்சிப் பாத்தேன்.”

“பொறவு ஏன் மேடம் இப்படி எழுதிருக்கு?”

“மாத்துனா என்ன கேப்பாங்க தெரியுமா? தர நகருதது தெரிஞ்சும் மூணு நாளு கூட இருக்கச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. வியாழக்கிழம வந்த கோப்ப ஏன் தொறக்கலன்னு கேப்பாங்க. உன் வேலயும் போயிரும், கேசும் வரும். போனவரு போயிட்டாரு. நீ இருக்கணும்லா?”

“ஆணி அடிக்க ஒப்புதல் குடுத்தது யாருன்னும் கேப்பாங்க” என்றேன்.

“ஆமா. அதயும் கேப்பாங்க” என்றார். அவர் மறைக்கவில்லை. நல்ல மனுஷிதான். எனக்காகவும் அவருக்காகவும் சேர்த்துத்தான் சொன்னார், இரண்டும் உண்மை. “யோசிச்சி அஞ்சு மணிக்குள்ள சொல்லு” என்று வைத்துவிட்டார்.

யோசித்தேன். சரி என்றே போட்டுவிடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். பொய் சொல்வானேன்? முப்பத்திரண்டு வயது, பிள்ளை குட்டி இல்லை, வேலையும் போனால் எந்த மூலையில் போய் உட்காருவது? போனவர் திரும்பியா வரப்போகிறார்?

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பாத்திஹா ஓதி முடித்தார்கள். அது ஆடித்தபசுத் திருவிழா நேரம், ஊர் முழுக்கக் கூட்டம், ஸ்பீக்கர் சத்தம். ஆண்கள் சாப்பிட்டுப் போனதும் பெண்கள் உள்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் அக்காவும் வந்திருந்தார், ரிபாயியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மாமி மறுபடியும் ஆரம்பித்தார், குடம் உடைத்தது, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது. நாற்பது நாள் ஆகிவிட்டதால் இப்போது அழுகையோடு கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தது.

“அவன் அப்பிடித்தான் அக்கா” என்றார் பேச்சித்தாய். “எங்க வீட்டு நிலப்படியில இடிக்காம ஒருநாளு உள்ள வந்ததில்ல. சாமி மாரி புள்ள, ஆனா கால்ல கண்ணு கெடையாது.”

“அந்தக் காலுதான எமனாப் போச்சு” என்றார் மாமி.

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மூலையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் செய்தார்கள், கெட்ட எண்ணமாக இல்லை, பாசமாகத்தான். இன்னும் பத்து வருஷம் கழித்தும் இந்தத் தெருவில் அவரை இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்துபோனது. கால் இடறிச் செத்தவன்.  எழுந்து என் அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தேன்.

‘புதன்கிழமைக்கான என் குறிப்பு தவறு. டிரைபாட் தொடப்படவில்லை, தரை நகர்ந்தது. தொடவில்லை என்று அவர் மூன்று முறை சொன்னார், புள்ளி நடுவில் இருப்பதையும் பார்த்துச் சொன்னார். நான் நம்பவில்லை. மீண்டும் தொடங்கச் சொன்னது நான். வியாழக்கிழமைக் கோப்பைத் திறக்காதிருந்ததும் நான்.’ பெயரைப் போட்டு, மணி வாரிக் கணக்கையும் சேர்த்து, நிறுவனத்துக்கும் மேடத்துக்கும் அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் மேடம் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

வெளியே வந்து கூடத்தில் நின்றேன்.

“மாமி, அவங்க தொடல.”

பெண்கள் திரும்பினார்கள். மாமி நிமிர்ந்து பார்த்தார், நான் ஏதோ ஆற்றாமையில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். “உக்காருட்டி” என்றார்.

“தொடல மாமி. தரதான் நகந்துருக்கு. அவங்க தொடல தொடலன்னு சொன்னாங்க. நான்தான் பொய் சொல்லுதீங்கன்னு ஏசி, இன்னும் மூணு நாளு கெடங்கன்னு சொன்னேன். அந்த மலயில அவங்கள இருக்க வச்சது நான்.”

பேச்சித்தாய் எழுந்து மற்றவர்களுக்குக் கண்காட்டினார். ஒவ்வொருத்தராக எழுந்து வெளியே போனார்கள். மாமியும் நானும் மட்டும் இருந்தோம். ஆட்களைக் கூட்டிப் பேச வேண்டிய விஷயம் இல்லை என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

“ஒனக்கு எப்பம் தெரியும்?” என்றார் மாமி.

“வெள்ளிக்கிழம காலையிலயே.”

“அவன எடுக்கதுக்கு முந்தியேவா?”

“ஆமா.”

மாமி கையில் இருந்த தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தார். “பஜ்ரு தொழத்தான எந்திரிச்சான்?”

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தாய்க்கு அதையாவது விட்டுவைத்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்யால் வந்த வினைதான் நாற்பது நாளாக இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. “தெரியல மாமி. ஆனா அந்தக் கருவியக் குனிஞ்சு பாத்துட்டு நின்னுருக்காங்க. கலஞ்சிருக்கான்னு. நான் ஏசுவேன்னு.”

“எவ்வளவு நேரம்?”

“பதினொரு நிமிஷம்.”

“அந்நேரம் தர ஆடுனது அவனுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“ஓட நேரம் இருந்துச்சா?”

“இருந்துச்சு மாமி.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் முன்னால் வந்து நின்றார். குரல் உயரவே இல்லை.

“நாப்பது நாளா எம்புள்ளையத்தான பாவி பாவின்னு ஏசுனேன். வாரவங்க போறவங்ககிட்டல்லாம் ஏசுனேன். நீ இங்கனதான இருந்த. கேட்டுக்கிட்டுத்தானட்டி இருந்த?”

“ஆமா மாமி” என்றேன். “கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”